பகல் உபரியை வீட்டிலேயே பயன்படுத்த மின் மேலாண்மைக் கருவி தேவையா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டாயிற்று. பகலில் வீட்டில் ஆள் குறைவு என்பதால் உற்பத்தியில் பெரும்பகுதி கிரிடுக்கு, அதாவது பொது மின்கட்டமைப்புக்கு, போய்விடுகிறது. மாலையில் எல்லோரும் வீடு திரும்பியதும் அதே கிரிடிலிருந்து கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. வீட்டு மின் மேலாண்மைக் கருவி ஒன்றைப் பொருத்தினால் சோலார் மின்சாரத்தில் 80, 90 சதவீதத்தை வீட்டிலேயே பயன்படுத்தலாம் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? பேட்டரியும் சேர்த்து வாங்க வேண்டுமா?

நேரத்தை மாற்றி ஓட்டக்கூடிய பெரிய சுமை ஒன்றாவது வீட்டில் இருந்தால் வாங்கலாம். வாட்டர் ஹீட்டர், மின்சாரக் கார், ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்து தண்ணீரையோ வீட்டையோ சூடாக்கும் சாதனம்), பெரிய ஏசி போன்றவை அந்த வகை. இருப்பதெல்லாம் விளக்கு, ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் மட்டும்தான் என்றால் எவ்வளவு புத்திசாலியான கருவியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது நகர்த்துவதற்கு அங்கே எதுவும் இல்லை.

அந்த 80, 90 சதவீதக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். ஓர் உதாரணத்துக்கு, வெயில் நன்றாக அடிக்கும் நாளில் உங்கள் பேனல்கள் 22 யூனிட் தருகின்றன, வீட்டுக்கு மொத்தமே 12 யூனிட்தான் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்த 12-ல் 4 யூனிட் வெயில் இருக்கும்போதே செலவாகிறது, மீதி 8 யூனிட் மாலையிலும் இரவிலும் விடியற்காலையிலும். ஆக, 22-ல் 4 வீட்டுக்குள் பயன்படுகிறது, 18 வெளியே போகிறது, 8 யூனிட் விலைக்கு வாங்குகிறீர்கள். சொந்தப் பயன்பாட்டு விகிதம் 18 சதவீதம். இப்போது உலகத்திலேயே சிறந்த கருவியையும் பேட்டரியையும் வைத்து அந்த 12 யூனிட்டையும் சூரியனிலிருந்தே எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொண்டாலும், 22-க்கு 12 என்பது 55 சதவீதம்தான். பேட்டரியில் வீணாவதையும் சேர்த்தால் 60-ஐத் தொடலாம். அதற்கு மேல் போக வேண்டும் என்றால் வீட்டில் புதிதாக ஒரு சுமை வர வேண்டும், கார் மாதிரி. உங்கள் வீட்டின் மொத்தத் தேவையைக் கேட்காமலே ஒருவர் 90 சதவீதம் என்று சொன்னால், அந்த எண்ணுக்கு அடிப்படை இல்லை என்று அர்த்தம்.

அந்த விகிதத்தைத் துரத்துவதே தவறான வழி என்பது என் உறுதியான கருத்து. 5 கிலோவாட்டைக் கழற்றிவிட்டு 2 கிலோவாட் பேனல் மட்டும் வைத்துப் பாருங்கள். உற்பத்தி 9 யூனிட்டுக்கு இறங்கும், அதில் 3.5 யூனிட் பகலில் செலவானாலே சொந்தப் பயன்பாடு 39 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வாங்கும் மின்சாரம் 8-லிருந்து 8.5 யூனிட்டாக ஏறிவிடும். ஆளில்லாத அறையில் ஏசியை நாள் முழுக்க ஓடவிட்டாலும் சதவீதம் எகிறும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு எண்கள்: தினமும் கிரிடிலிருந்து எத்தனை யூனிட் வாங்குகிறீர்கள், வீட்டின் மொத்தத் தேவையில் எத்தனை சதவீதம் சூரியனிலிருந்து வருகிறது. இரண்டாவதைத் தற்சார்பு விகிதம் என்பார்கள். மேலே சொன்ன வீட்டில் அது 12-க்கு 4, அதாவது 33 சதவீதம்.

இந்த வேலையே தேவையா என்பதைத் தீர்மானிப்பது உங்கள் மின் கட்டண முறை. வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பதிலாக, வாங்கும் யூனிட் ஒன்றை முழுசாகக் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டரிங் இருந்தால், கிரிடே உங்களுக்கு இலவச பேட்டரி. அந்த ஏற்பாடு நீடிக்கும் வரை பகலில் ஹீட்டர் போட்டாலும் இரவில் போட்டாலும் பில் ஒன்றுதான். அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்த தொகையும் வாங்கும் யூனிட்டுக்கு அதிக விலையும் என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒவ்வொரு யூனிட்டை நகர்த்துவதாலும் கிடைக்கும் லாபம். முழு விலையும் லாபம் என்று கணக்கிடுவது பலர் செய்யும் பிழை. வெளியே அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை அதிலிருந்து கழிக்க வேண்டும். வெளியே அனுப்பவே அனுமதி இல்லாத இடங்களும், இத்தனை கிலோவாட்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று வரம்பு உள்ள இடங்களும் உண்டு. அங்கே உபரிக்கு மதிப்பே இல்லை, அதனால் மேலாண்மைக் கருவியின் மதிப்பு மிக அதிகம்.

சரி, கருவி என்னதான் செய்கிறது? மின்சாரம் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஓர் அளவி இருக்கும். அது இந்த நொடியில் எவ்வளவு உள்ளே வருகிறது அல்லது வெளியே போகிறது என்று பார்க்கும். 1,800 வாட் வெளியே போகிறதென்றால், அந்த அளவுக்கு ஏதாவது ஒரு சுமையைப் போடும் அல்லது ஓடுவதைக் கூட்டும். மேகம் வந்து உபரி சுருங்கினால் குறைக்கும் அல்லது நிறுத்தும். அடிப்படை வேலை இவ்வளவுதான். வானிலைக் கணிப்பு, விலைப் பட்டியல், வண்ண வண்ண வரைபடம் எல்லாம் இதற்கு மேல் கட்டியவை.

ஆகவே எல்லாமே அந்த ஓர் அளவீட்டை நம்பித்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது மெயின் வயரைச் சுற்றி மாட்டும் சிறிய வளையம், சிடி கிளாம்ப் என்பார்கள். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் உள்ளே வருவதை வெளியே போவதாகக் கருவி நினைத்துக்கொள்ளும், நடு இரவில் உபரி இருக்கிறதென்று ஹீட்டரைப் போடும். சோதிப்பது எளிது. சூரியன் மறைந்த பிறகு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்யுங்கள். உள்ளே வரும் அளவு சுமார் 1,000 வாட் கூட வேண்டும். குறைந்தால் வளையம் தலைகீழ். மூன்று பேஸ் இணைப்பு உள்ள வீட்டில் இன்னொரு சோதனையும் தேவை. ஒவ்வொரு வளையமும் எந்த பேஸில் இருக்கிறதோ, அதே பேஸின் வோல்டேஜோடுதான் கருவிக்குள் இணைந்திருக்க வேண்டும். மாறியிருந்தால் எண்கள் நம்பும்படி இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும்.

மூன்று பேஸ் வீட்டுக்காரர்கள் மின் நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பேஸில் 2 கிலோவாட் வெளியே போகிறது, அதே நேரத்தில் இன்னொன்றில் 2 கிலோவாட் உள்ளே வருகிறது என்றால், பில் போடும் மீட்டர் இரண்டையும் கூட்டிப் பூஜ்யம் என்று எழுதுமா, தனித்தனியாகப் பதியுமா? கூட்டும் மீட்டர் என்றால் கவலையில்லை. தனித்தனியாகப் பதிந்தால் எந்தச் சுமை எந்த பேஸில் என்பதே பெரிய விஷயமாகிவிடும், கருவியையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

இனி சுமைகளுக்கு வருவோம். பேட்டரியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சுடுதண்ணீர்த் தொட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 200 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 7 யூனிட் வேண்டும். ஒரு நடுத்தர வீட்டு பேட்டரி பிடிக்கும் அளவு அது. ஏற்கெனவே தொட்டி இருக்கிறவர் அந்தக் கொள்ளளவுக்குப் புதிதாக எதுவும் செலவழிக்க வேண்டாம், ஓட்டும் நேரத்தை மாற்றினால் போதும். மேலே சொன்ன வீட்டில் இரவிலும் காலையிலும் 3 யூனிட் ஹீட்டருக்கே போகிறதென்றால், அதை நண்பகலுக்குக் கொண்டுவந்த உடனே வாங்கும் மின்சாரம் 8-லிருந்து 5 யூனிட்டாகிறது, தற்சார்பு 33-லிருந்து 58 சதவீதமாகிறது. இதற்கு ஒரு டைமர் சுவிட்ச் போதும் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். வெயில் சீராக அடிக்கும் ஊரில் காலை 11 மணிக்கு வைத்த டைமர், பல ஆயிரம் செலவில் வாங்கும் கருவி செய்வதில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

டைமரால் முடியாதது, உபரிக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைப்பது. ஹீட்டர் காயில் 3 கிலோவாட், உபரி 1.2 கிலோவாட் என்றால், டைமர் போட்டவுடன் 1.8 கிலோவாட் கிரிடிலிருந்து வரும். இதற்கென்றே உபரியைத் திருப்பிவிடும் தனிக்கருவிகள் இருக்கின்றன. வெளியே போகும் மின்சாரம் எவ்வளவோ, சரியாக அந்த அளவை மட்டும் ஹீட்டருக்குள் விடுவது அவற்றின் வேலை. சில கருவிகள் மின் அலையின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு பகுதியை வெட்டி அனுப்பும், அப்படி வெட்டும்போது கிரிடில் இரைச்சல் உண்டாகும் என்பதால் நல்ல வடிகட்டி வேண்டும். மற்றவை முழுச் சுழற்சிகளாகவே சிறு சிறு தொகுதிகளாக விட்டு விட்டு அனுப்பும். இரண்டாவது முறையில் விளக்கு லேசாக மினுக்கலாம். வாங்கும்போது எந்த வகை என்று கேளுங்கள். இந்தக் கருவிகள் சாதாரண காயில் ஹீட்டருக்கு மட்டும்தான். மோட்டாரோ மின்னணுச் சுற்றோ உள்ள எதிலும் இணைக்கக் கூடாது.

கருவி வந்த பிறகு ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை என்ன செய்வது என்று கேட்பார்கள். அது அப்படியே இருக்க வேண்டும், வெப்பம் எல்லை மீறினால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் அப்படியே இருக்க வேண்டும். மேலாண்மைக் கருவி அவற்றுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் இன்னொரு சுவிட்ச், அவ்வளவுதான். உபரி நிறைய இருக்கும் நாளில் தொட்டியை வழக்கமான 50 டிகிரிக்குப் பதில் 65 வரை ஏற்றிவைத்தால் மறுநாள் மேகமூட்டத்துக்கும் கைகொடுக்கும். ஆனால் அந்தச் சூட்டில் குழாயைத் திறந்தால் தோல் வெந்துவிடும். தொட்டிக்கு வெளியே குளிர்ந்த நீரைக் கலந்துவிடும் வால்வு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. மறுபக்கம், உபரி வரட்டும் என்று நாள் கணக்கில் வெதுவெதுப்பாகவே விட்டுவைப்பதும் ஆபத்து. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா அந்த வெதுவெதுப்பில்தான் பெருகும். குறிப்பிட்ட இடைவெளியில் 60 டிகிரியைத் தொடும்படி ஒரு விதி கருவியில் இருக்க வேண்டும், வெயில் இல்லாவிட்டால் கிரிடிலிருந்து எடுத்தாவது.

ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதே 7 யூனிட் வெப்பத்தை அது 2.3 யூனிட் மின்சாரத்தில் கொடுக்கும், அதன் செயல்திறன் 3 மடங்கு என்றால். அப்படியிருக்க, உபரி இருக்கிறதே என்று காயிலைப் போட்டு 7 யூனிட்டைக் கொட்டுவது, வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு மதிப்பே இல்லாத இடத்தில் மட்டும்தான் நியாயம். ஹீட் பம்பை அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டவும் கூடாது, கம்ப்ரசரின் ஆயுள் குறையும். ஒருமுறை ஆரம்பித்தால் குறைந்தபட்சம் இருபது, முப்பது நிமிடம் ஓடும்படி வைக்க வேண்டும். பல மாடல்களில் எஸ்ஜி ரெடி என்றொரு ஏற்பாடு உண்டு. இரண்டே இரண்டு மின் தொடர்புகள், அவற்றை சுவிட்ச் போலத் திறந்து மூடுவதில் கிடைக்கும் நான்கு நிலைகள்: நில், வழக்கம்போல் ஓடு, கொஞ்சம் கூடுதலாக ஓடு, கட்டாயம் ஓடு. கருவி எந்த நிறுவனத்தினதாக இருந்தாலும் ஒரு சாதாரண ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறிய சுவிட்ச்) வைத்து இதை இயக்கலாம் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்த ஏற்பாடு.

அடுத்து மின்சாரக் கார். உபரியை விழுங்க இதைவிடப் பெரிய வாய் வீட்டில் கிடையாது. ஆனால் நிபந்தனைகள் இருக்கின்றன. ஐஇசி 61851 தரநிலைப்படி சார்ஜ் செய்ய ஆகக் குறைந்த மின்னோட்டம் 6 ஆம்பியர். 230 வோல்டில் அது 1,380 வாட். மூன்று பேஸில் சார்ஜ் ஏறும் கார் என்றால் அதே 6 ஆம்பியர் 4,140 வாட்டாகிவிடும். உங்கள் 5 கிலோவாட் பேனலில், வீட்டின் தேவை போக 4,140 வாட் உபரி கிடைப்பது நண்பகலில் கொஞ்ச நேரம்தான். அதனால் உங்களுக்கு ஒரு பேஸில் சார்ஜ் செய்வதே சரி, அல்லது ஒன்றுக்கும் மூன்றுக்கும் தானே மாறிக்கொள்ளும் சார்ஜர் வேண்டும். ஒரு பேஸில் 6 முதல் 16 ஆம்பியர் வரை, அதாவது 1.4 முதல் 3.7 கிலோவாட் வரை, உபரியைப் பின்தொடர்ந்தே போகலாம்.

சார்ஜர் இதைக் காருக்கு எப்படிச் சொல்கிறது என்று பார்த்தால் அழகாக இருக்கும். கேபிளுக்குள் ஒரு தனிக் கம்பியில் நொடிக்கு 1,000 துடிப்புகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துடிப்பும் தன் நேரத்தில் 10 சதவீதம் உயர்ந்து நின்றால் 6 ஆம்பியர் வரை எடுத்துக்கொள் என்று பொருள், 20 சதவீதம் என்றால் 12 ஆம்பியர். மேலாண்மைக் கருவி உபரியைக் கணக்கிட்டுச் சார்ஜரிடம் சொல்கிறது, சார்ஜர் துடிப்பின் அகலத்தை மாற்றுகிறது, கார் சில நொடிகளில் அதற்குள் அடங்குகிறது.

மேகங்கள் விட்டு விட்டு வரும் நாளில்தான் நல்ல கருவி எது, மோசமான கருவி எது என்று தெரியும். உபரி 1,380 வாட்டுக்குக் கீழே போன உடனே நிறுத்தி, ஏறின உடனே ஆரம்பித்தால், ஒரு மணி நேரத்தில் சார்ஜரின் கான்டாக்டர், அதாவது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச், பலமுறை அடித்துக்கொள்ளும். சில கார்கள் வெறுத்துப்போய்ப் பிழை காட்டி நின்றுவிடும். உபரி சில நிமிடங்கள் நிலையாக இருந்தால்தான் ஆரம்பிக்க வேண்டும், ஐந்து பத்து நிமிடம் தொடர்ந்து இல்லாவிட்டால்தான் நிறுத்த வேண்டும். இடையில் கிரிடிலிருந்து கொஞ்சம் வரும், வரட்டும். இந்த இரண்டு நேரங்களையும் நீங்களே மாற்றும் வசதி கருவியில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, சார்ஜ் ஏறும்போது காரின் உள்மின்னணுவியலே சில நூறு வாட் எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க 6 ஆம்பியரில் சொட்டுச் சொட்டாக ஏற்றினால் அந்த இழப்பின் பங்கு பெரிதாகும். உபரி இருந்தால் 10 ஆம்பியரில் குறைந்த நேரம் ஏற்றுவது மேல்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கேள்வி இருக்கிறது: பகலில் கார் வீட்டில் நிற்குமா? வார நாட்களில் காலையில் போய் இருட்டிய பிறகு வருகிற கார் என்றால், மீதி விடுமுறை நாட்கள் மட்டும்தான். அதிலும் நிறைய ஏற்றலாம், ஆனால் விற்பனைக் கணக்கில் கார் தினமும் நண்பகலில் நிற்பதாகத்தான் போட்டிருப்பார்கள். அங்கே கையை வைத்துக் கேளுங்கள்.

வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் அல்லது அதற்கும் குறைவு. மெஷினிலேயே இருக்கும் தாமத பட்டனை அழுத்திவிட்டுப் போனால் போதும், இதற்காக ஸ்மார்ட் மெஷின் வாங்க வேண்டாம். கவனிக்க வேண்டியது, எல்லாவற்றையும் நண்பகலில் ஒரே நேரத்தில் போடாமல் இருப்பது. வாஷிங் மெஷின் தண்ணீரைச் சூடாக்கும்போது 2 கிலோவாட், ஹீட்டர் 3 கிலோவாட், அடுப்பு 2 கிலோவாட் என்று சேர்ந்தால் 7 ஆகிவிடும், வெயிலிலும் கிரிடிலிருந்து வாங்குவீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துங்கள். தண்ணீர் மோட்டாரையும் அதே வரிசையில் சேருங்கள்.

ஏசி இதைவிட முக்கியம். வீட்டின் சுவரும் தரையும் குளிர்ச்சியைப் பிடித்துவைக்கும். வெயில் இறங்குவதற்கு முன், பிற்பகல் மூன்று நாலு மணிக்கே இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்துவிட்டால் மாலையில் கம்ப்ரசர் குறைவாக ஓடும். கனமான சுவரும் நல்ல வெப்பக் காப்பும் உள்ள வீட்டில் இது நன்றாக வேலை செய்யும். மெல்லிய கூரையும் இடுக்குள்ள ஜன்னலும் உள்ள வீட்டில் அந்தக் குளிர்ச்சி ஒரு மணி நேரத்தில் போய்விடும், அங்கே கருவிக்குக் கொடுக்கும் பணத்தைக் கூரைக் காப்புக்குக் கொடுங்கள்.

இப்போது பேட்டரி. 2015-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு கிலோவாட் பேனலுக்கும் அரை முதல் ஒரு யூனிட் வரை பேட்டரி வைத்தால் சொந்தப் பயன்பாடு 13 முதல் 24 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது, சுமைகளை நேரம் மாற்றுவதால் 2 முதல் 15 புள்ளிகள் கூடுகிறது என்று கண்டார்கள். பேட்டரிதான் அதிகம் தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் சுமையை நகர்த்துவதற்கு ஆகும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் முதலில் நகர்த்த முடிந்ததையெல்லாம் நகர்த்துங்கள், மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள், அந்த மிச்சத்துக்குத்தான் பேட்டரி. உதாரண வீட்டில் ஹீட்டரை மாற்றிய பிறகு இரவுத் தேவை 5 யூனிட். ஐந்தாறு யூனிட் பேட்டரி போதும். 10 யூனிட் பேட்டரி வாங்கினால் பாதி எப்போதும் சும்மாவே கிடக்கும்.

பேட்டரிக்குள் போகும் ஒரு யூனிட் முழுசாகத் திரும்பி வராது. மாற்றங்களில் இழந்தது போக 0.85 முதல் 0.9 யூனிட் வந்தால் நல்லது. இதோடு விளம்பரத் தாளில் கண்ணுக்குப் படாத இன்னொன்றையும் பாருங்கள்: பேட்டரியும் அதன் இன்வர்ட்டரும் சும்மா நிற்கும்போதே எடுக்கும் மின்சாரம். 40 வாட் என்றாலே ஒரு நாளைக்கு ஒரு யூனிட் போய்விடும். இரவில் 5 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டுக்கு ஒரு யூனிட் என்பது பெரிய தொகை. தூங்கும் நேரத்தில் வீடு 150 வாட்தான் எடுக்கும், பெரிய இன்வர்ட்டர்கள் அவ்வளவு சிறிய சுமையில் திறமையாக ஓடுவதில்லை. ஆகவே அதிகபட்சத் திறனைக் கேட்காமல், 150, 200 வாட்டில் திறன் எவ்வளவு என்று கேளுங்கள்.

பேட்டரியும் காரும் இரண்டும் உள்ள வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறு ஒன்று. இரவில் காரை மாட்டுவார்கள். பேட்டரிக்குக் கார் என்று தெரியாது, வீட்டில் சுமை ஏறியிருக்கிறது என்று நினைத்துத் தன்னிடம் இருப்பதையெல்லாம் அதில் கொட்டிவிடும். இரண்டு மணி நேரத்தில் வீட்டு பேட்டரி காலி, ஒரே யூனிட் இரண்டு முறை பேட்டரிக்குள் போய்வந்து இழப்பும் இரட்டிப்பு. கார் சார்ஜ் ஏறும்போது பேட்டரி இறங்கக் கூடாது என்ற ஒரே விதி இதைத் தடுக்கும். இன்வர்ட்டர் ஒரு நிறுவனம், சார்ஜர் இன்னொரு நிறுவனம் என்று இருக்கும் வீட்டில் இந்த விதியைப் போடவே மேலாண்மைக் கருவி ஒன்று வேண்டியிருக்கிறது.

வானிலைக் கணிப்பு எதற்கு என்றும் கேட்டிருப்பீர்கள். சாதாரணக் கருவி காலை எட்டு மணிக்கே உபரியைப் பேட்டரிக்குள் தள்ள ஆரம்பித்துப் பத்தரைக்கெல்லாம் நிரப்பிவிடும். அதற்குப் பிறகுதான் உற்பத்தி உச்சத்துக்கு வரும், பேட்டரியில் இடம் இருக்காது. வெளியே அனுப்ப வரம்பு உள்ள வீட்டில் அந்த உச்சம் வீண். கணிப்பு தெரிந்த கருவி, நாளைக்கு நல்ல வெயில் என்றால் காலையில் பொறுத்திருந்து நண்பகலில் நிரப்பும். மேகமூட்டம் என்றால் காலையிலேயே கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். பேட்டரி நாள் முழுக்க முழு நிறைவில் நிற்காததால் அதன் ஆயுளுக்கும் நல்லது. நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணத்திலும் கணிப்பு பயன்படும். மலிவான நேரத்தில் கிரிடிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாமா, நாளைய வெயிலுக்கு இடம் விடலாமா என்று அது கணக்குப் போடும். விலை நாள் முழுக்க ஒன்று, அனுப்ப வரம்பும் இல்லை என்றால் கணிப்புக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

மின்வெட்டு உள்ள இடம் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிரிடோடு இணைந்த சாதாரண இன்வர்ட்டர், கிரிட் போனவுடன் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. மேலாண்மைக் கருவி இருந்தாலும் நிற்கும். மின்வெட்டில் வீடு ஓட வேண்டுமானால் கிரிடிலிருந்து வீட்டைப் பிரித்துத் தனியாக இயக்கும் வசதி இன்வர்ட்டரில் இருக்க வேண்டும், பேட்டரியிலும் 20, 30 சதவீதத்தை அதற்கென்று ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு தினசரிப் பயன்பாட்டுக்குக் கிடைக்காது என்பதைப் பேட்டரி அளவைக் கணக்கிடும்போது மறக்காதீர்கள்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, அது மற்ற சாதனங்களோடு எந்த மொழியில் பேசுகிறது என்பதை. இன்வர்ட்டர் மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாகத் தன் எண்களைத் தருமா, அதுவும் சன்ஸ்பெக் என்ற பொது வடிவத்திலா? சார்ஜர், சார்ஜர்களுக்கான பொது மொழியான ஓசிபிபி பேசுமா? மேட்டர் என்ற வீட்டுச் சாதனத் தரநிலை 2024 மே மாதத்தில் வந்த 1.3 பதிப்பில் கார் சார்ஜரையும், அதே ஆண்டு நவம்பரில் வந்த 1.4 பதிப்பில் சோலார், பேட்டரி, ஹீட் பம்ப், வாட்டர் ஹீட்டரையும் சேர்த்துக்கொண்டது. வழி திறந்திருக்கிறது. ஆனால் நீங்கள் வாங்கப்போகும் மாடலில் அது இருக்கிறதா என்று பெட்டியைப் பார்த்தே உறுதி செய்யுங்கள், பின்னால் அப்டேட்டில் வரும் என்ற வாக்கை நம்ப வேண்டாம்.

அதே கண்டிப்போடு கேட்க வேண்டிய இன்னொன்று: இன்டர்நெட் போனால் என்ன ஆகும்? சில கருவிகளில் ஒவ்வொரு முடிவும் நிறுவனத்தின் சர்வரில்தான் எடுக்கப்படுகிறது. இணைப்பு அறுந்தால் அவை செயலிழக்கும். நிறுவனம் சேவையை மூடினால் சுவரில் தொங்கும் வெறும் பெட்டி. அளப்பதும் போடுவதும் நிறுத்துவதும் வீட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும், கணிப்புக்கும் ஆப்புக்கும் மட்டும் இன்டர்நெட் இருக்கட்டும். கணினியில் ஆர்வம் உள்ளவர் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற திறந்த மூல மென்பொருளைச் சிறிய கணினி ஒன்றில் நிறுவி இதையெல்லாம் நீங்களே செய்யலாம். காருக்கென்று ஈவிசிசி என்ற திறந்த மூலத் திட்டம் இருக்கிறது. இரண்டும் நன்றாக உழைக்கும், ஆனால் அப்டேட் செய்வதும் பழுது பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. வீட்டில் உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது என்றால் ஹீட்டருக்கும் சார்ஜருக்கும் கையால் போடும் சுவிட்ச் ஒன்றைத் தனியாக வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வீட்டிலுள்ளவர்கள் சுடுதண்ணீர் இல்லாமல் நிற்கக் கூடாது.

பொருத்தும் வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 3 கிலோவாட் ஹீட்டரைச் சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். 13 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடும்போது உள்ளே இருக்கும் சின்ன ரிலே சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். அப்புறம் அது தீ. பிளக் ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் ஹீட்டரை இயக்கட்டும்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வரிசையில் பதில் சொல்கிறேன். இந்த வாரமே அளவி ஒன்றை மட்டும் மெயின் போர்டில் பொருத்தி, நிமிடத்துக்கு நிமிடம் பதியவிடுங்கள். ஹீட்டர் இருந்தால் உடனே டைமரில் நண்பகலுக்கு மாற்றுங்கள். இரண்டு மாதம் கழித்து வரைபடத்தில் நண்பகலில் எவ்வளவு உபரி நிற்கிறது, அது நீண்ட நேரம் சீராக இருக்கிறதா, துண்டு துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். சீராக இருந்தால் டைமரோடே காலம் தள்ளலாம். துண்டு துண்டாக இருந்து, வீட்டில் காரோ ஹீட் பம்போ இருந்தால், மேலாண்மைக் கருவியை வாங்குங்கள். பேட்டரியை மட்டும் வெயில் காலமும் மழைக் காலமும் சேர்ந்து ஒரு முழு ஆண்டுப் பதிவு கையில் வரும் வரை தள்ளிப்போடுங்கள். விற்பவரிடம் அந்தப் பதிவையே கொடுத்து, இந்த எண்களை வைத்து 5 யூனிட் பேட்டரிக்கும் 10 யூனிட் பேட்டரிக்கும் தனித்தனியாக ஆண்டுக்கு எத்தனை யூனிட் வாங்குவது குறையும் என்று எழுதிக் கேளுங்கள்.